சாட்சி சொன்ன பிறகு நடந்தவை: வேலை செய்கிற விசுவாசிகளுக்கு என் அனுபவம்

சுவிசேஷம் சொல்லுங்கள் என்று சபையில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். எல்லாரையும் சீஷராக்குங்கள் என்று இயேசு சொல்கிற மத்தேயு 28-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்கள் ஞாயிறு பள்ளி நாட்களிலேயே மனப்பாடம். ஆனால் சொன்ன பிறகு என்ன நடக்கலாம், வேலை செய்கிற இடத்தில் புகார் வந்தால் யாரிடம் போவது, நீட்டுகிற காகிதத்தில் கையெழுத்துப் போடலாமா கூடாதா, சம்பளம் நின்றால் வீட்டை எப்படி ஓட்டுவது என்றெல்லாம் ஒருவரும் சொல்லித் தந்ததில்லை. அந்தக் காலத்தைத் தனியாகவே கடந்து வந்தேன். இன்னொருவர் அப்படித் தனியாக நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வேலை பார்த்த இடத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் இதில் வராது.

கணக்குப் பிரிவில் எனக்குப் பக்கத்து இருக்கை ஒரு அக்காவுடையது. என்னைவிடச் சில வயது மூத்தவர். கடவுள் நம்பிக்கை உள்ளவர், ஆனால் கிறிஸ்தவர் இல்லை. அவர் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். கூட இருக்கிறவர்களின் வாழ்க்கையையும் அது அப்படியே எடுத்துக்கொள்ளும். மாதக் கடைசிக் கணக்குகளை அக்காவுக்காக நான் முடித்துக் கொடுப்பேன். அவர் மகனால் வர முடியாத நாட்களில் சாயங்காலம் மருத்துவமனையில் அவரோடு உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் அவர் கணவர் தன் கையை நீட்டி, ஊசி குத்துகிற இடத்தில் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னார். டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்திருக்கும் இடம் அது. தோலுக்கு அடியில் இரத்தம் விறுவிறுவென்று ஓடுகிற அதிர்வு விரலில் தெரிந்தது. "இது ஓடுற வரைக்கும் நானும் ஓடுவேம்மா" என்றார்.

அன்றைக்கு வெளியே வராந்தாவில் அக்கா கேட்டார்: "உங்க அப்பா போனப்ப நீ உடைஞ்சு போகலியே, எப்படிம்மா முடிஞ்சுது உனக்கு?" நான் சொன்னேன், "உடைஞ்சுதான் போனேன் அக்கா. ஆபீஸ்ல யாருக்கும் தெரியல, அவ்வளவுதான். ராத்திரி எல்லாம் அழுதிருக்கேன். ஆனா அந்த நேரத்துல இயேசு எனக்குத் துணையா இருந்தார்." மரணத்தை அனுபவித்து, அதிலிருந்து எழுந்தவரிடம் என் பயத்தைச் சொல்ல முடிந்தது என்றும், என் பாவத்தையும் என் துக்கத்தையும் சிலுவையில் அவர் சுமந்தார் என்றும் சொன்னேன். அவ்வளவுதான். சில நிமிடங்கள்கூட ஆகியிருக்காது. அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "படிக்கிறதுக்கு ஏதாவது இருந்தா குடேன்" என்றார். சங்கீதங்களோடு சேர்ந்த சிறிய புதிய ஏற்பாடு ஒன்றை மறுநாள் கொடுத்து, லூக்காவிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். அன்றாட வாழ்க்கையில் சுவிசேஷம் சொல்வது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது என்பது என் அனுபவம். கையில் துண்டுப் பிரசுரம் கிடையாது, மேடை கிடையாது. பல மாதங்கள் கூடவே இருந்த பிறகு ஒரு கேள்வி வரும். 1 பேதுரு 3:15-இல், நம்மிடத்தில் "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்" உத்தரவு, அதாவது பதில், சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று இருக்கிறது. ஒருவர் கேட்க வேண்டும் என்றால், கேட்கிற அளவுக்கு நம் வாழ்க்கை அவருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆதித் திருச்சபையிலும் இதுதான் நடந்தது. எருசலேமில் துன்பம் வந்தபோது அப்போஸ்தலர் அங்கேயே இருந்தார்கள். சிதறிப் போன சாதாரண விசுவாசிகள்தான் போகிற இடமெல்லாம் வசனத்தைக் கொண்டுபோனார்கள் என்று அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரம் சொல்கிறது. அந்தியோகியாவில் கிரேக்கரிடம் முதலில் பேசினவர்கள் சீப்புரு, சிரேனே ஊர்க்காரர்கள் என்று 11-ஆம் அதிகாரத்தில் படிக்கிறோம். அவர்களுடைய பெயர்கூட எழுதப்படவில்லை. சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதல்முதலில் வழங்கினது அந்த ஊரில்தான். எனக்கு இது பெரிய ஆறுதல். பேசத் தெரிந்தவர்களின் வேலை இது என்று ஒதுங்கிப் போகிற எல்லாரிடமும் நான் காட்டுகிற பகுதியும் இதுதான்.

பதில் சுருக்கமாக இருக்கட்டும். அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மேலும் வேண்டும் என்றால் அவரே கேட்பார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அக்கா இன்னொரு நாள், "நீ ஜெபம் பண்ணினா இவருக்குக் கிட்னி சரியாயிடுமா?" என்று கேட்டார். சரியாகிவிடும் என்று சொல்ல நாக்கு நுனிவரை ஆசை வந்தது; அவர் முகம் அப்படி இருந்தது. "கடவுளால முடியும் அக்கா. செய்வாரான்னு எனக்குத் தெரியாது. நான் ஜெபிக்கிறேன், டாக்டர் சொல்றதையும் விடாதீங்க" என்றேன். சுகத்தை வாக்குக் கொடுக்க நமக்கு அதிகாரம் இல்லை. கொடுத்துவிட்டு அது நடக்காமல் போனால் உடைவது அவருடைய மனம். அன்றைக்குச் சொன்ன இந்த வார்த்தைகள் பின்னால் என்னையும் காப்பாற்றின.

அந்தப் புதிய ஏற்பாட்டை அக்கா தன் மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். அதை யாரோ பார்த்திருக்கிறார்கள். சில வாரங்களில் மேலிடத்திலிருந்து கூப்பிட்டார்கள். புகாரில் மூன்று விஷயம் இருந்தது. வேலை நேரத்தில் மதப் பிரசாரம் செய்தேன். நோயைக் குணமாக்குவதாகச் சொல்லி ஆசை காட்டினேன். பணம் கொடுத்து மதம் மாற்றப் பார்த்தேன். மூன்றாவதைக் கேட்டதும் எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. ஏனென்றால் பணம் கொடுத்தது உண்மை. மருத்துவச் செலவுக்கு அக்கா கடன் கேட்டார், இருந்ததைக் கொடுத்தேன். அதற்கும் விசுவாசத்துக்கும் சம்பந்தமே இல்லை. அக்கா என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு வெகு முன்னாலேயே கொடுத்தது. ஆனால் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே முடிச்சாகத் தெரிந்தது.

அந்த அறையிலேயே ஒரு காகிதத்தை நீட்டினார்கள். நடந்ததற்கு வருந்துகிறேன், இனி இங்கே யாரிடமும் மதம் பற்றிப் பேச மாட்டேன் என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் இதோடு முடிந்துவிடும் என்றார்கள். கை நடுங்கியது. ஆனால் அதில் கையெழுத்துப் போட்டால், நான் செய்யாத மூன்றையும் செய்ததாக ஒப்புக்கொண்டது போல் ஆகிவிடும் என்று தோன்றியது. "படிச்சுப் பார்க்க நேரம் வேணும், ஒரு நகல் குடுங்க" என்று மட்டும் சொன்னேன். அவர்களுக்குப் பிடிக்கவில்லை. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம், சம்பளம் கிடையாது என்று கடிதம் வந்தது.

வீட்டில் இருந்த அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. முதலில் பயம், அப்புறம் கோபம், அதற்கும் அப்புறம் ஒரு வெட்கம். தப்புச் செய்தவளைப் போல வெளியே தலைகாட்டக் கூசினேன். சேமிப்பு கரைந்தது. இரவில் ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வராது. உமக்காகப் பேசினதற்கா இது என்று கர்த்தரிடம் சண்டை போட்டேன், அதை மறைக்க விரும்பவில்லை. சபையில் கேள்விப்பட்டவர்கள் தோளைத் தட்டி, "நீங்க பாக்கியசாலி சிஸ்டர், கிறிஸ்துவுக்காகப் பாடுபடுறீங்க" என்றார்கள். கிறிஸ்துவினிமித்தம் துன்பப்படுகிறவர்கள் பாக்கியவான்கள் என்கிற மத்தேயு 5:11 உண்மைதான், நானும் அதை விசுவாசிக்கிறேன். ஆனால் அதைச் சொன்னவர்களில் ஒருவர்கூட, வீட்டு வாடகை கட்டியாச்சா என்று கேட்கவில்லை. போதகர் போனில் ஜெபித்தார், அதோடு சரி. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. இப்படி ஒருவர் வந்து நின்றால் என்ன செய்வது என்று சபைக்கே தெரியவில்லை என்பதுதான் நிலைமை.

அந்த நாட்களில் என்னைப் பிடித்து நிறுத்தியது 2 தீமோத்தேயு 4:16. தன் முதல் விசாரணையில் ஒருவரும் தன்னோடு நிற்கவில்லை, எல்லாரும் கைவிட்டார்கள் என்று பவுல் எழுதுகிறார். அந்தக் குற்றம் அவர்கள்மேல் சுமராமல் இருக்கட்டும் என்கிறார். அடுத்த வசனத்திலேயே, கர்த்தர் தனக்குத் துணையாக நின்றார் என்கிறார். அதற்குக் கொஞ்சம் முன்னால் தன் மேலங்கியையும் புத்தகங்களையும் கொண்டுவரச் சொல்கிறார். குளிருக்கு அங்கி வேண்டும் என்று கேட்கிற அப்போஸ்தலன். எனக்கும் சம்பளம் வேண்டும் என்று கர்த்தரிடம் கேட்க அது தைரியம் கொடுத்தது.

உதவி வந்தது நான் அவ்வளவாகப் பேசியிராத ஒரு பெரியவரிடமிருந்து. தொழிலாளர் பிரச்சினைகளைப் பல வருடம் கையாண்டு ஓய்வு பெற்றவர், எங்கள் சபையில் கடைசி வரிசையில் உட்காருகிறவர். வீட்டுக்கு வந்து, நான் எழுதி வைத்திருந்த பதில் கடிதத்தைக் கேட்டு வாங்கினார். பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். பேனாவை எடுத்து வரி வரியாக அடித்தார். வசனங்களை அடித்தார், புகார் கொடுத்தவரைப் பற்றி நான் எழுதியிருந்ததை அடித்தார், "மிகுந்த வேதனையோடு" என்பதையும் அடித்தார். "இதெல்லாம் கர்த்தர்கிட்ட சொல்லும்மா. இவங்களுக்குத் தேதி சொல்லு. என்னைக்கு, எத்தனை மணிக்கு, எங்கே, யார் முதல்ல பேச்சை எடுத்தது?" கடைசியில் ஒரே பக்கம்தான் மிஞ்சியது. பேசினது மருத்துவமனையில், வேலை நேரம் முடிந்த பிறகு, அவர் கேட்டதால். புத்தகம் அவர் கேட்டுக் கொடுத்தது. கடன் அதற்கு முன்னால், வங்கி வழியாக, இந்தத் தேதியில். குணமாகும் என்று சொல்லவில்லை, மருத்துவத்தை விட வேண்டாம் என்றே சொன்னேன்.

விதிகளைக் காட்டிப் பேசுவது அவிசுவாசம் என்று நினைக்கிறவர்கள் சபைகளில் நிறைய இருக்கிறார்கள். எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. அந்தப் பெரியவர் அப்போஸ்தலர் 22-ஐத் திறந்து காட்டினார். சாட்டையால் அடிக்கக் கட்டினபோது, ரோமனை விசாரியாமல் அடிக்கலாமா என்று பவுல் கேட்கிறார். 25-ஆம் அதிகாரத்தில் இராயனுக்கு அபயமிடுகிறார், அதாவது ரோமப் பேரரசரிடமே மேல்முறையீடு செய்கிறார். பாடுபடத் தயாராக இருந்த அதே மனிதர் தன் உரிமையையும் கேட்டார். ஆகவே வேலை செய்கிற இடத்தின் நடத்தை விதிகளை இன்றைக்கே ஒருமுறை வாசித்து வையுங்கள். எது அனுமதி, எது இல்லை, புகார் வந்தால் பதில் சொல்ல எவ்வளவு நேரம் தருவார்கள், கூட ஒருவரை அழைத்துப் போகலாமா என்று தெரிந்திருக்கட்டும். எந்தக் காகிதத்திலும் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போடாதீர்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னதை அன்றைக்கே தேதியோடு எழுதி வையுங்கள். ஒரு வாரம் போனால் நமக்கே வார்த்தைகள் மாறிவிடும்.

எனக்கு அதிகம் வலித்தது அக்காவின் மௌனம். நான் வீட்டில் இருந்த முதல் சில வாரங்கள் ஒரு போன்கூட இல்லை. இவருக்காகத்தானே இவ்வளவும் என்று மனம் கசந்தது. பிறகுதான் விவரம் புரிந்தது. அவர் கணவரின் சிகிச்சைக்கான மருத்துவக் காப்பீடு அக்காவின் வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் டயாலிசிஸ் நிற்கும். அந்த நிலையில் நானாக இருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். நாம் சொல்வதைக் கேட்கிறவர் அதற்காகக் கொடுக்க வேண்டிய விலையையும் யோசித்துப் பாருங்கள் என்று இப்போது எல்லாரிடமும் சொல்கிறேன். புத்தகம் கொடுத்தால், இதை வீட்டில் வைத்துக்கொள்கிறீர்களா, யாருக்காவது தெரிந்தால் உங்களுக்குச் சங்கடமா என்று கேட்டுக் கொடுங்கள். எப்போது வெளியே சொல்வது என்பது அவருடைய முடிவு.

ஆனாலும் விசாரணை நாளில் அக்கா வந்தார். கூப்பிடாமலே வந்தார் என்று அப்புறம்தான் தெரிந்தது. "நான்தான் கேட்டேன், அவ சொன்னா. குணமாகும்னு அவ ஒருநாளும் சொல்லல, டாக்டரை விடாதீங்கன்னுதான் சொன்னா. கடன் என் கஷ்டத்துக்கு நான் வாங்கினது" என்று அவர் சொன்னதோடு புகார் அடிபட்டுப் போனது. திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். இழந்த மாதங்களின் சம்பளம் வரவில்லை. அந்த வருட ஊதிய உயர்வும் போனது. வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். நான் பழகிய வேலை இன்னொருவர் கைக்குப் போனது. புதிய பிரிவில் கற்றுக்குட்டியாக ஆரம்பித்தேன். கடன் பணத்தில் ஒரு பகுதிதான் திரும்பியது. மீதியை நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

பணத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உதவி செய்யாமல் இருக்காதீர்கள். அயலான் கஷ்டத்தில் இருக்கும்போது கையை மூடிக்கொண்டு சுவிசேஷம் மட்டும் சொல்வது யாக்கோபு 2:15, 16 கண்டிக்கிற அதே காரியம். ஆனால் உதவியும் சாட்சியும் ஒரே நாளில், ஒரே பேச்சில் வர வேண்டாம். உதவி பெற்றவருக்கு மறுத்துப் பேசும் சுதந்திரம் குறைந்துவிடுகிறது. நன்றிக்கடனுக்காகத் தலையாட்டுகிற ஒருவரைக் கிறிஸ்துவிடம் கொண்டுவந்தோம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. இதே காரணத்துக்காகத்தான், இப்போது எனக்குக் கீழே வேலை செய்கிறவர்களிடம் நானாக விசுவாசத்தைப் பற்றிப் பேச்சை எடுப்பதில்லை. அவர்களுடைய விடுப்பும் மதிப்பீடும் என் கையில் இருக்கின்றன. அவர்களாகக் கேட்டால் வேலை நேரத்துக்கு வெளியே, கதவு திறந்திருக்கும் இடத்தில் பேசுகிறேன். வேலைக்கான வாட்ஸ்அப் குழுவில் வசனம் போடுவதில்லை. ஒருவர் போதும் என்று சொன்னாலோ பேச்சை மாற்றினாலோ அங்கேயே விடுகிறேன். நட்பை மட்டும் விடுவதில்லை.

1 பேதுரு 4:15-ஐ எந்தச் சுவிசேஷக் கூட்டத்திலும் நான் கேட்டதில்லை. கொலைகாரன், திருடன் என்று பட்டியல் போடுகிற அந்த வசனத்தில், அந்நிய காரியங்களில் தலையிடுகிறவனும் சேர்ந்தே வருகிறான். அப்படித் தலையிட்டுப் பாடுபடாதீர்கள் என்கிறார் பேதுரு. கிறிஸ்தவனாக இருப்பதால் வருகிற பாடு வேறு, மூக்கை நுழைத்ததால் வருகிற பாடு வேறு. இரண்டையும் ஒன்றாக்கி உபத்திரவம் என்று சொல்லிக்கொள்வது கர்த்தருடைய பெயருக்குத்தான் அவமானம். அதேபோல 3:15-ஐ மட்டும் தனியாக எடுத்துப் பிரசங்கிக்கிறோம். அதற்கு முந்தின வசனம் நீதிக்காகப் பாடுபடுவதைப் பேசுகிறது. பிந்தின வசனம், நம்மை அக்கிரமக்காரர் என்று தூஷிக்கிறவர்கள் முன் நல்மனச்சாட்சியோடு இருக்கச் சொல்கிறது. பேசுவதற்கு ஆயத்தப்படுத்துகிற நாம் அந்த மற்ற இரண்டுக்கும் யாரையும் ஆயத்தப்படுத்துவதில்லை.

அக்காவின் கணவர் அடுத்த வருடம் இறந்துபோனார். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் நன்றாகத்தான் இருந்தார்கள், வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. அதை நினைத்துக்கொண்டே போனேன், பேசாமல் இருந்தேன். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள், 'நான் மரண இருளின் பள்ளத்தாக்கிலே' என்று வருகிற சங்கீதம் எது என்று போனில் கேட்டார். 23 என்றேன். அக்கா இன்னும் சபைக்கு வந்ததில்லை. ஞானஸ்நானம் எடுக்கவில்லை. லூக்காவை முடித்து யோவானை வாசிக்கிறார், நடுநடுவே கேள்வி கேட்கிறார். நட்டது பவுல், நீர் பாய்ச்சியது அப்பொல்லோ, விளையச் செய்கிறவர் தேவன் என்று 1 கொரிந்தியர் 3:6 சொல்கிறது. விளைச்சலுக்குக் கணக்குக் கேட்கிறவர்கள் என்னிடமும் கேட்கிறார்கள்: "அவங்க இரட்சிக்கப்பட்டாச்சா?" என்னிடம் பதில் இல்லை. ஜெபத்தில் அவர் பெயர் தினமும் வருகிறது.

இப்போது எங்கள் சபையில் வேலைக்குப் போகிறவர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடுகிறோம். அந்தப் பெரியவரும் வருகிறார். யார் யாரிடம் பேசினோம் என்று வெற்றிக் கதை சொல்கிற கூட்டம் இல்லை அது. அவரவர் வேலையிடத்தின் விதிகளைச் சேர்ந்து வாசிக்கிறோம். ஒருவருடைய மனதில் ஒரு நண்பர் இருந்தால் அவருக்காக ஜெபிக்கிறோம். வெளியே போய்விடும் என்பதால் பெயரைச் சொல்வதில்லை. யாருக்காவது புகார் வந்தால் அன்றைக்கே இருவர் அவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். போனதும் வசனம் சொல்லக் கூடாது. காகிதங்களை வாங்கிப் பார்க்க வேண்டும், இந்த மாத வாடகைக்கும் பிள்ளைகளின் கட்டணத்துக்கும் வழி இருக்கிறதா என்று கேட்க வேண்டும், அதன் பிறகு ஜெபிக்க வேண்டும். சம்பளம் நின்றவர்களுக்கு உதவ ஒரு சிறிய நிதி வேண்டும் என்று சபைக் கமிட்டியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். காணிக்கைப் பணத்தை இதற்கு எடுக்கலாமா என்று இரண்டு பேர் தயங்குகிறார்கள். அடுத்த கூட்டத்தில் நானே போய்ப் பேசப்போகிறேன்.